பறக்கும் சக்கரமும் நாலெல்லைக்காரரும்

ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு இரண்டு தாலுகாவைக் குழப்பக்கூடிய மனிதர் அரியலூரில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அவர் பெயர் எங்களுக்கெல்லாம் நாலெல்லைக்காரர்தான். முப்பது வருஷம் நிலங்களுக்கு நாலு பக்க எல்லையும் சொல்லிப் பத்திரம் எழுதியவர். அவர் கண்ணுக்கு எதிரே ஒரு வாழைப்பழத்தை வைத்தாலும் அதற்குக் கிழக்கே என்ன, மேற்கே என்ன என்றுதான் பார்ப்பார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஆயில் எஞ்சின்கள் வரத் தொடங்கிய சமயம். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற எஞ்சின்களை விற்ற கடையில் நான் டைப்பிஸ்ட். எஞ்சினோடு வரும் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. வாங்குகிறவர்களுக்கோ தமிழே எழுத்துக்கூட்டித்தான். "எழுதத் தெரிஞ்சவரு, தமிழ்ல எழுதிடுவாரு" என்று முதலாளி நாலெல்லைக்காரரைக் கூட்டிவந்து என் எதிரே உட்கார வைத்தார். நான் அர்த்தம் சொல்வேன், அவர் எழுதுவார். எஞ்சினை இருவருமே தொட்டுப் பார்த்ததில்லை.

"ஃபிளை வீல்னா என்னப்பா?"

"ஃபிளைன்னா பறக்கறது. வீல்னா சக்கரம்."

"பறக்கும் சக்கரம்" என்று எழுதிக்கொண்டார். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

அச்சாகி வந்த தாள் இப்படி ஆரம்பித்தது: "மேற்படி எஞ்சினுக்கு நான்கெல்லையாவது, கிழக்கே புகைக்குழாய், மேற்கே எண்ணெய்த் தொட்டி, வடக்கே பறக்கும் சக்கரம், தெற்கே தாங்கள். இதற்குட்பட்ட கைப்பிடியைத் தாங்கள் எவ்வித ஆட்சேபணையுமின்றிச் சுற்றி..." அந்த வாக்கியம் அடுத்த பக்கத்திலும் முடியவில்லை. முதலாளி படித்துவிட்டு, "எனக்கே புரியல. பெரிய விஷயமாத்தான் இருக்கணும்" என்று திருப்தியடைந்தார்.

பத்து நாளில் சிறுவாச்சூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். தனியாக நின்று வெள்ளாமை செய்கிறவர். தாளை மேஜைமேல் போட்டார்.

"ஏங்க, இது எஞ்சின ஓட்டறதுக்கு எழுதுனதா, இல்ல எஞ்சினுக்கு என்னைய எழுதிக் குடுத்துட்டீங்களா? சக்கரம் அசைய மாட்டேங்குது. இன்னும் ரெண்டு நாள் தண்ணி காட்டலன்னா வெங்காயம் பூரா கருகிப்போயிடும்."

கடையின் ஒரே ஃபிட்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். முதலாளிக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. "எழுதுனவரே போய்ப் பாருங்க" என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்.

பெட்ரோல் கிடைக்காத காலம், கரியை எரித்து அந்தப் புகையில் ஓடும் பஸ். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினோம். அந்த அம்மாளின் வெங்காயக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தால், எஞ்சின் சக்கரத்தை வடக்கயிற்றால் சுற்றி வேப்பமரத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"ஏம்மா கட்டுனீங்க?" என்றார் நாலெல்லைக்காரர்.

"நீங்கதானே பறக்கும்னு எழுதியிருக்கீங்க. பறந்துபோனா யாருங்க புடிச்சிட்டு வர்றது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு, தன் தாளைத் தானே படித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். அது பாதி சுற்று வந்து அப்படியே திருப்பி உதைத்தது. பாத்தியில் போய் விழுந்தார். எழுந்து மறுபடி படித்தார். நடுவரிக்கு வந்ததும் முதல் வரி மறந்துபோனது.

"எந்த மடையன்யா இத எழுதுனது?" என்று கத்தினார்.

தாளை மடித்துக் கீழே போட்டுவிட்டு, அந்த அம்மாளிடமே கேட்டார்: "நீங்க சொல்லுங்கம்மா. இதுல என்ன தெரியுது உங்களுக்கு?"

அந்த அம்மாள் எஞ்சினைச் சுற்றிவந்து, மேலே துருத்திக்கொண்டிருந்த ஒரு சின்ன லீவரை நிமிர்த்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்த்தார். "இந்தக் காதத் தூக்குனா லேசா சுத்துதுங்க."

"அப்புறம்?"

"வேகமா சுத்துங்க. இன்னும் வேகமா. இப்பக் காத வுட்டுடறேன்!"

டுப். எல்லோரும் நின்றோம். டுப், டுப், டுப். குழாயிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டி, வாய்க்காலில் இறங்கி, வெங்காயப் பாத்திக்கு ஓடியது. அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

நாலெல்லைக்காரர் பழைய தாளின் முதுகில் எழுதினார்: "காதைத் தூக்கு. வேகமாகச் சுற்று. காதை விடு. சக்கரம் பறக்காது." காது எதுவென்று படம் போட்டு அம்பு காட்டினார்.

அன்றிலிருந்து அவர் தாளில் எழுதும் நேரம் குறைந்தது. ஃபிட்டர் பின்னாலேயே அலைவார், கேட்பார், கையைச் சுட்டுக்கொள்வார். எழுதியதை எஞ்சினையே பார்த்திராத சவரக்கடைக்காரரிடமும் இட்லிக்கார அம்மாவிடமும் கொடுத்து, "படிச்சிட்டு ஓட்டிக் காட்டுங்க" என்பார். அவர்கள் எங்கே திகைத்தார்களோ அந்த வரியை அடித்துவிடுவார். முதலாளிக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை. "நாலு பக்கம் எழுதுனவரு நாலு வரி எழுதறாரு. இவருக்கு வேலை கூடுச்சா, கொறஞ்சுச்சா?" என்று என்னைக் கேட்பார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் எஞ்சின் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டு பிறகு எவரும் வரவில்லை.

சில வருஷம் கழித்து அவர் பெரம்பலூரில் மகளோடு இருக்கப் போனார். கிளம்பும்போது, வீட்டுக்கு வர வழி என்று ஒரு தாள் கொடுத்தார். நான் எந்த ஊரிலும் வழி தவறுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடித்துக்கொண்டே போனேன். யாரையும் கேட்கவில்லை. கடைசி வரி, "கதவு திறந்திருக்கும். கூப்பிடாதே, உள்ளே வா" என்றிருந்தது. திறந்திருந்தது.

வாழ்நாளில் நான் குழம்பாமல் போய்ச் சேர்ந்த வீடு அது ஒன்றுதான்.