ரெண்டாவது பிரேக்

மாஸ்டர் அன்று வீட்டுக்குள் நுழையும்போதே சபதத்தோடுதான் நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னையோட இந்த வீட்டுல போனுக்கு ஒரு பிரேக் போட்டே ஆகணும்!"

அவர் மனைவி, மருந்துக் கடையில் பகலெல்லாம் நின்று வலித்த காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "முதல்ல செருப்புக்குப் போடுங்க. இப்பதான் தரை துடைச்சேன்."

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வலப்பக்கம் கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இடப்பக்கம் இவர், காலடியில் தனக்கென்று ரெண்டாவதாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். பூனை குறுக்கே வந்தால் மிதிப்பார். வரலாம் என்று தோன்றினாலும் மிதிப்பார். எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் சீக்கிரத்தில் லைசென்ஸுக்கு அனுப்ப மாட்டார். "நல்லாத்தான் ஓட்டுறீங்க. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். ஊரே அவரைப் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

அன்று காலையில் ஓட்டக் கற்க வந்த ஓர் அம்மாள், போன் விளையாட்டில் சிநேகமான எவனோ ஒருவன் தன் அக்கா மகளை மிரட்டிய கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து மாஸ்டருக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. அவர் மகளுக்குப் பதினொரு வயது. முன்பெல்லாம் கார்ச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வந்து வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது போனும் கையுமாக இருக்கிறாள். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா"தான்.

"பெத்தவங்க பிள்ளைங்க போனைப் பார்த்துக்கிறதுக்குன்னே ஒரு ஆப் இருக்காம். அவ என்ன தேடினாலும் நமக்கு வந்துடும். நேரம் ஆனா தானாப் பூட்டிக்கும்."

"அவகிட்டயே கேட்டா என்ன?"

"கேட்டா சொல்லவா போறா?"

"எப்படிச் சொல்லுவா? சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு வந்து சொன்னா. நீங்க சைக்கிளையே தூக்கிப் பரண்மேல போட்டீங்க."

"அது பாதுகாப்பு!"

"அவளும் பாதுகாப்பாத்தான் வாயை மூடிக்கிட்டிருக்கா."

மாஸ்டர் காதில் எங்கே விழுந்தது? மகளைக் கூப்பிட்டார். அவள் போனைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாஸ்டர் தன் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தன் போன், மகள் போன் ரெண்டையும் கைக்கொன்றாக அவர் நீட்டிப் பிடித்துக்கொள்ள, மனைவிதான் படித்துப் படித்துத் தட்டினாள்.

"பிள்ளையோட போன் எது, பெத்தவங்க போன் எதுன்னு கேக்குது."

"இதெல்லாம் ஒரு கேள்வியா? வலது பக்கம் கத்துக்கிறவங்க. இடது பக்கம் நான்."

வலது கையில் இருந்தது அவருடைய போன்.

மனைவி போனைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "நிச்சயமாவா?"

"எத்தனை வருஷமா உக்கார்றேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா சரிதான். ரகசிய எண்ணை நான் வெச்சுக்கிறேன், நீங்க மறந்துடுவீங்க."

என்றைக்கும் இல்லாத பணிவு! மனுஷன் அப்போதே சுதாரித்திருக்க வேண்டாமா?

மறுநாள், அடுத்த ஆள் வரும்வரை காரில் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவரின் போன் பட்டென்று பூட்டிக்கொண்டது. 'இன்றைய விளையாட்டு நேரம் முடிந்தது. பெற்றோரிடம் கேளுங்கள்' என்றது. மாஸ்டர் பூரித்துப் போனார். "அப்பன் போனையே இந்தப் பிடி பிடிக்குதே, பொண்ணு போன் தப்புமா?"

ஆனால் மகளைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அவளோ சரியாகச் சாப்பிடவில்லை, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். "என்னம்மா?" என்றால் அதே "ஒண்ணுமில்லப்பா." மாஸ்டருக்கு மனசே சரியில்லை. யாரிடம் கேட்பது? ஆள் வராத நேரத்தில், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனிடமே கேட்டார்.

"மகள் அப்பாகிட்ட பேசாம இருக்கிறது ஏன்?"

"கத்தாம கேக்குறது எப்படி?"

"பரண்மேல போட்ட சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தா மகள் மன்னிப்பாளா?"

கடைசிக் கேள்வியை மட்டும் ரெண்டு தடவை கேட்டார். போன் அதற்குச் சைக்கிள் கடை விலாசம் காட்டியது.

அன்று சாயங்காலம் வாசலில் காரை நிறுத்தி, தன் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார். வலப்பக்கக் கதவு திறந்தது. மகள் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, கத்த மாட்டீங்கதானே?"

"மாட்டேன்."

"விளையாட்டுல ஒருத்தன் பேசினான். என் வயசுதான்னான். போட்டோ கேட்டான். வீட்டுல சொல்லாதேன்னான்."

மாஸ்டரின் கால் பிரேக்கை மிதித்தது. நிற்கிற காரில், அடிவரைக்கும் மிதித்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"போட்டோ அனுப்பலப்பா. ஆனா எந்த ஸ்கூல்னு சொல்லிட்டேன். வாசல்ல வந்து நிப்பேங்கிறான். பயமா இருக்கு."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டாள். மாஸ்டர் தனக்கு வந்த அத்தனை கத்தலையும் விழுங்கிக்கொண்டு அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். 

"அனுப்பாம இருந்தியே, நீ கெட்டிக்காரி. இப்ப சொன்னியே, அது அதைவிடப் பெருசு. அவன் எழுதினது எதையும் அழிக்காதே, புகார் கொடுக்கணும். நாளையிலிருந்து ஸ்கூலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். டீச்சர்கிட்டயும் பேசலாம்."

"போனைப் பிடுங்கிடுவீங்கன்னு நினைச்சேன். அம்மாகிட்ட சொன்னாலும் உங்ககிட்டதானே வரும்?"

"இன்னைக்கு மட்டும் எப்படிம்மா சொல்லணும்னு தோணுச்சு?"

"நீங்கதானேப்பா கேட்டீங்க, கத்தாம கேக்குறது எப்படின்னு? நீங்க தேடுறதெல்லாம் என் போனுக்குத்தான் வருது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மன்னிச்சுட்டேன். சைக்கிளை இறக்குங்க."

மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். அசடு வழிய உள்ளே போனார்.

மகள் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல, அம்மாவும் கட்டிப்பிடித்து அழுது தீர்த்தாள். புகார் எழுதி அனுப்பினார்கள். அந்தப் பயல் இனிப் பேச முடியாதபடி போனில் முடக்கினார்கள். "என் போனுக்கும் அந்த ஆப்பைப் போடுங்கப்பா, தைரியமா இருக்கும்" என்று மகளே கேட்டாள். அதையும் போட்டார்கள். சைக்கிள் பரணிலிருந்து இறங்கியது.

"ஏம்மா, அன்னைக்கே உனக்குத் தெரியும், இல்ல?" என்றார் மாஸ்டர்.

"நிச்சயமாவான்னு கேட்டேனே!"

"சரி, போனது போகட்டும். அவ போன்ல போட்டாச்சு. என் போன்ல இருக்கிறதை எடுத்துடு. அந்த ரகசிய எண்ணைச் சொல்லு."

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் வேண்டாமென்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

"நல்லாத்தான் ஓட்டுறீங்க" என்றாள் மனைவி. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."