மாப்பிள்ளை வைத்தது வைத்தபடி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், கம்ப்யூட்டரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் நலம்தானே?

போன தடவை வந்தபோது, இழுத்துக்கொண்டு கிடந்த எங்கள் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டு உயிர் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. அதற்காக மாற்றிவிட முடியுமா? கல்யாணத்தன்று உங்கள் நாற்காலியைக் கேட்காமல் நகர்த்திப் போட்டதற்கு உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஆகவே நீங்கள் வைத்ததில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது; பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டேன். கடிகாரம் வேறு ஏதோ தேசத்து நேரம் காட்டுகிறது; அந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டியவர்கள் யாராவது இருப்பார்கள் என்று விட்டுவிட்டு, நம்மூர் நேரத்தை மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொள்கிறேன். கொஞ்சம் சும்மா இருந்தால் திரை இருண்டு பாஸ்வேர்டு கேட்கிறது. நானோ நிதானமாகப் படிக்கிறவன், அதனால் உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே அவ்வப்போது மவுஸை ஒரு தட்டு தட்டுகிறாள், மவுஸெல்லாம் வெங்காய வாசனை. திரை முழுக்க ஊதா நிறத்தில் ஒரு ஜெல்லிமீன். "மாப்பிள்ளைக்குப் பிடிச்ச படமா இருக்கும், பார்த்துட்டுப் போங்களேன்" என்கிறாள். பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழையும் இடத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரப் படம் இருக்கிறதே, அதைத் தட்டினால் திரையின் தோற்றமே வேறு வேறாக மாறுமாம். எதிர்வீட்டுப் பல் டாக்டர் அதைத் தட்ட ஆசையாகக் கை நீட்டினார், கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். எங்கள் மாப்பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கும்போது நடுவில் இவர் யார்?

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கண் மட்டும் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. எழுத்தைக் கொஞ்சூண்டு பெரிசாக்கிக்கொண்டால் வருத்தப்படுவீர்களா? வேண்டாமென்றால் வேண்டாம், பூதக்கண்ணாடி இருக்கவே இருக்கிறது.

இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாமல் நீடு வாழ ஆசிகளுடன்,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் என் மகள் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்பா, அவர் எதையுமே வைக்கல. 'அடுத்து, அடுத்து'ன்னு அமுக்கிட்டே என்கூடப் பேசிட்டிருந்தார். அது வரும்போதே அப்படித்தான் வரும்" என்றாள். ஆக, மேலே எழுதியதை எழுதாததாகப் பாவிக்கவும். எழுத்தை இப்போதே பெரிதாக்கிவிட்டேன், கடிகாரத்தையும் திருத்தியாயிற்று. ஆனால் உண்மையைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, எனக்கு மனசு சப்பென்று ஆகிவிட்டது. ஒவ்வொன்றையும் எங்களை நினைத்து, உட்கார்ந்து யோசித்து வைத்தீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எதையாவது ஒன்றை உங்கள் கையால் மாற்றி வைத்துவிட்டுப் போங்கள். அதை நான் தொடமாட்டேன்.