மாஸ்டர் பிளான் அங்கிளின் முன்வாசல்

நகரமைப்பு விதிகளை ஒன்று விடாமல் மதித்து வீடு கட்டிய ஆத்மா ஹைதராபாத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். கீழ் வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் துவைக்கிற கல்லைத் தாண்டி, பாத்ரூம் சுவரை உரசிக்கொண்டு, சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். ஏனென்றால் முன்வாசல், இன்னும் வராத ஒரு ரோட்டைப் பார்த்து இருந்தது.

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர். செகந்திராபாத்தில் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். பெயர் ஏதோ உண்டு. ஆனால் ஏரியாவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர் பிளான் அங்கிள். ஏ.எஸ்.ராவ் நகரைத் தாண்டி அவர் மனை வாங்கிய சமயம், மனைக்கு அந்தப் பக்கம் பெரிய நெடுஞ்சாலை வரப்போவதாக அரசாங்க வரைபடத்தில் ஒரு கோடு இருந்ததாம். கோடு போட்டால் ரோடு வந்துவிடும் என்று மனுஷன் மனசார நம்பிவிட்டார். வாசல், பெயர்ப்பலகை, சிட்அவுட் எல்லாவற்றையும் முள்ளுக்காட்டைப் பார்த்து வைத்தார். வராத ரோட்டிலிருந்து விதிப்படி விட வேண்டிய காலி இடத்தையும் தாராளமாக விட்டார். அதில் எருமைகள் சொகுசாகப் படுத்துக்கொண்டன.

"அங்கிள், சந்துப் பக்கமா ஒரு வாசல் வெச்சுட்டா என்ன?" என்று கேட்டேன்.

"நக்கோ தம்பி, வேணாம். நாளைக்கு ரோடு வந்தா சந்து பேக் சைடு. பேக் சைடுல எவனாவது வாசல் வெப்பானா?"

வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க ஃபாதர் வந்த அன்றும் இதே பிடிவாதம்தான். சமையலறை வழியாக நுழையப் போனவரைத் தடுத்து, சுற்றிக்கொண்டு முள்ளுக்காட்டு வழியாக அழைத்துப் போனார். அங்கியில் பாதி முள்ளில் சிக்கியது. தீர்த்தம் வீட்டில் தெளித்ததைவிட எருமைகள் மேல் பட்டதுதான் அதிகம்.

இந்தக் கூத்தையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கியவர் அங்கிளின் மனைவி பிலோமினா ஆன்ட்டி. அவர் கேக் செய்தால் தெருவே மூக்கைத் தூக்கும். சொந்தமாக ஒரு பேக்கரி வேண்டும் என்பதுதான் அந்த அம்மாளின் ஒரே ஆசை. அங்கிளும் ஆசை ஆசையாக ஷட்டர், கண்ணாடி ஷோகேஸ் எல்லாம் வைத்து ஒரு கடை கட்டிக் கொடுத்தார். எங்கே? முள்ளுக்காட்டைப் பார்த்து! நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தால்தான் கடைக்கு அனுமதி, சந்துப் பக்கம் குடியிருப்புக்கு மட்டும் என்பது விதி. அதே சந்தில் ஒரு வீட்டில் டிபன் சென்டர், அடுத்த வீட்டில் ஜிம், அதற்கடுத்த வீட்டில் பைக் மெக்கானிக். அவர்களெல்லாம் விதி என்ற வார்த்தையையே கேள்விப்படாத புண்ணியவான்கள்.

"இந்தப் பக்கமா வெச்சு வித்தா யாருங்க கேக்கப் போறா?" என்பார் ஆன்ட்டி.

"வயலேஷன் பிலோ! ரெசிடென்ஷியல் ஜோன்! கொஞ்சம் பொறு, ரோடு வந்துடும்."

"வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு போயிடும். அப்புறம் என் கேக்கை நானே தின்ன முடியாது."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் ஒருநாள் அந்தக் காலி ஷோகேஸை அவர் மெனக்கெட்டுத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கடைசியில் ரோடு வந்தேவிட்டது. அங்கிள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அளக்க வந்தவர்களுக்கு டீ கொடுத்தார். ஆனால் வரைபடத்துக் கோட்டின் மேலேயே எதிர்ப்பக்கம் ஒருவர் பிரம்மாண்டமாக ஃபங்ஷன் ஹால் கட்டி வைத்திருந்தார். அவருக்கு மேலிடத்தில் வேண்டியவர்கள் அதிகம். ரோடு மரியாதை தெரிந்த ரோடு. ஹாலைத் தொந்தரவு செய்யாமல் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டது.

"உங்க பக்கம்தானே சார் இடம் சும்மா கிடக்கு?" என்று அதிகாரி தெலுங்கில் சமாதானம் சொன்னார். விதிப்படி விட்ட இடம் முழுக்கப் போனது. அது போதாமல் கடையும் போனது. மிச்சத்தில் புதுக் கடை கட்டலாமா என்றால், புது ரோட்டிலிருந்து மறுபடி விதிப்படி இடம் விட வேண்டுமாம். விட்டால் வீட்டில் சமையலறைதான் மிஞ்சும்.

ஊரைக் கூட்டிக் கத்துவார் என்று நினைத்தேன். அங்கிள் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே எடுத்துப் போனார். "விடுங்க, எனக்கும் முட்டி வலி" என்று சொல்லி ஆன்ட்டி ஓவனைத் துணி போட்டு மூடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம். மாடியிலிருந்து இறங்கி வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சந்துப் பக்கச் சமையலறை ஜன்னலில் கம்பியைக் காணோம். குறுக்கே ஒரு பலகை. பலகை மேல் பிளம் கேக் துண்டுகள். பின்னால், பிக்பாக்கெட் அடித்து மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்துக்கொண்டு மாஸ்டர் பிளான் அங்கிள். சந்து முனையில் அதிகாரிகளின் ஜீப் மாதிரி ஏதோ ஒன்று திரும்பியது. பாய்ந்து பேப்பரைப் போட்டு கேக்கை மூடினார். அது பால் வேன்.

"அங்கிள், இது ரெசிடென்ஷியல் ஜோன் ஆச்சே?"

"ஹவ், தெரியும். எதுக்குக் கத்துறே?" என்றார் கிசுகிசுப்பாக. "நாப்பது வருஷமா என் பேச்சைக் கேட்டு உக்காந்திருக்கா தம்பி. இன்னும் எத்தனை நாளைக்கு அவளைப் பொறுன்னு சொல்றது?"

உள்ளே ஆன்ட்டி அடுத்த கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார். குற்றம் செய்து பழக்கமில்லாமல், சந்து முனையில் ஒரு கண்ணை வைத்தபடி எனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்த அந்த மனுஷனை, அந்த நிமிஷம் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.