மறுப்பு அண்ணன் வைத்த பாராட்டு விழா

போடியில் செய்தி எழுதும் எவரும் மறுப்பு அண்ணனிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. ஏலக்காய்த் தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுபவர் அவர். பேப்பரில் தப்பு கண்டால் நிருபருக்குப் போன் போட்டு, "மறுப்பு போடு" என்பார். பெயர் அப்படி வந்தது. அவர் ஜீப்பு பள்ளத்தில் உருண்டதாக ஒருமுறை செய்தி வந்தது. நிருபரை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு மலையேறி, வண்டி சாய்ந்து நின்ற மரத்தைக் காட்டி, "இது பள்ளமா, மரமா?" என்றார். மலைப்பள்ளி வாத்தியாரான நானும் அந்த வண்டியில்தான் இருந்தேன்.

போன வருஷம் அவர் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். அக்கா பீடியைக் கையால் தொட்டவரில்லை. ஆனால் புகைத்தால் மட்டுமே இந்த நோய் வரும் என்று ஒரு பேப்பர் எழுதிவிட்டது. "ஒளிஞ்சு குடிச்சிருக்குமோ?" என்று தெரு பேசியது. அக்கா வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அண்ணன் எத்தனை போன் போட்டும் மறுப்பு வரவில்லை.

பிறகு வேறு பத்திரிகையிலிருந்து ஒரு பெண் நிருபர் வந்தார். படம் கேட்கவில்லை. அக்காவோடு அரைநாள் பேசினார், டாக்டர்களிடம் விசாரித்தார், எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். புகைதான் பெரிய காரணம், ஆனாலும் புகைக்காதவர்களுக்கும் வரும்; விடாத இருமலோடு வீட்டில் இருக்காதீர்கள்; நோயாளியிடம் குற்றம் தேடாதீர்கள் என்றது கட்டுரை.

அண்ணன் திரும்பத் திரும்பப் படித்தார். "ஒரே தப்புதேன் சார். அவ வயசுல ரெண்டு கொறையுது."

"மறுப்பு கேக்கலாமாண்ணே?"

"அது அவ சொன்ன வயசு. கெடக்கட்டும்."

மறுநாள் இருமிக்கொண்டே ஏறிய சிலமலை ஊர்க்காரி ஒருத்தி, "இன்னைக்குச் சோலிக்குப் போகலண்ணே, ஆஸ்பத்திரியில எறக்கிவிடுங்க" என்றாள். கட்டுரையை வீட்டில் யாரோ படித்துச் சொன்னார்களாம். நிருபருக்கு விருது கொடுத்தே தீருவது என்று அண்ணன் அன்றே முடிவெடுத்துவிட்டார்.

"பரிசெல்லாம் வாங்கக் கூடாதுண்ணே" என்றார் நிருபர் போனில்.

"திட்டு வாங்கலாம், பாராட்டு வாங்கக் கூடாதா? மாலை மட்டுந்தாம்மா. வந்து நில்லுங்க, போதும்."

ஒருநாள் காலையில் ஜீப்பு ஸ்டாண்டில் விழா. கட்டுரை முழுவதையும் அண்ணன் மைக்கில் வாசித்தார்.

"அண்ணே, நேரமாச்சு, வெரசா வாங்க" என்றது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"முடிச்சாத்தேன் வண்டி எடுப்பேன்" என்று நிறுத்திய பத்தியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

மாலை போட, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அக்காவே வந்தார். கூட்டம் வழிவிட்டது. ஏலக்காய் மாலையை அக்கா தூக்கச் சிரமப்பட, நிருபர் நன்றாகக் குனிந்துகொண்டார்.

சிகிச்சை இன்னும் நடக்கிறது. உடம்பு கேட்கிற நாட்களில் அக்கா முன்சீட்டில் வருகிறார். குலுங்கக் கூடாதென்று அண்ணன் வளைவுகளில் வண்டியை உருட்டுகிறார். மணியடித்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறேன். வேறு ஜீப்பில் ஏற மனம் வரவில்லை.