எம்.பி. காதில் போட்டாச்சு

ஒரு தேர்தல் முடிந்தால் ஒரு தொகுதிக்கு ஒரே ஒரு எம்.பி.தான் கிடைப்பார். ஆனால் ‘எம்.பி.க்கு வேண்டியவர்’ தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். எம்.பி. அடுத்த தேர்தலில் தோற்றுப்போகலாம். வேண்டியவருக்கு அந்தப் பயம் கிடையாது. யார் ஜெயித்தாலும், ஓட்டு எண்ணி முடித்த அன்று சாயங்காலமே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஜெயித்தவருக்கு வேண்டியவர் ஆகிவிடுவார். போன தடவை வேறொருவருக்கு வேண்டியவராக இருந்தாரே என்று கேட்காதீர்கள். உங்களைத் தவிர யாரும் அதை ஞாபகம் வைத்திருக்கவில்லை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் மடித்த தாள்கள் பிதுங்கிக்கொண்டிருக்கும். செல்போனில் எம்.பி.யோடு நிற்கும் ஒரு படம் இருக்கும். நீங்கள் கேட்காமலே காட்டுவார். எம்.பி.யை எம்.பி. என்று சொல்ல மாட்டார், ‘தம்பி’ என்பார். நீங்கள் எந்தக் குறையைச் சொன்னாலும் கண்ணைப் பாதி மூடிக் கேட்டுவிட்டு, “காதுல போட்டுருதேன்” என்பார். யார் காதில் என்று சொல்ல வேண்டுமா? தெருவிளக்கு எரியவில்லையா, ரேஷன் கார்டில் பெயர் தப்பா, மருமகன் குடிக்கிறானா, எல்லாவற்றையும் அந்த ஒரே காதில் போட்டுவிடுவார்.

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் சுயம்புலிங்கம். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். புது எம்.பி. ஓட்டுப்போட்டவர்களுக்கு நன்றி சொல்லத் திறந்த ஜீப்பில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கி, வழியெல்லாம் மாலைகளையும் மனுக்களையும் வாங்கி, தொண்டை கட்டிப்போய்ச் செட்டியார்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது, சுயம்புலிங்கம் ஜீப்பின் டயரில் கால் வைத்து ஏறி அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டார். எம்.பி. குனிந்து, “அண்ணே, ஆபீஸுக்கு வாங்க” என்றார். அன்றைக்கு இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொன்னார் என்பது ஜீப் ஓட்டியவருக்குத்தான் தெரியும். தனக்கு மட்டும் சொன்னதாகச் சுயம்புலிங்கத்துக்குத் தோன்றியது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் அதை நம்பினார். இந்த இனத்தை மற்ற இனங்களிலிருந்து பிரிப்பது அதுதான்.

எதிர்வீட்டுப் பாண்டிசெல்வி, மில்லில் இருபது வருடமாக ஷிப்டு பார்க்கிறவர். அவர் மகள் சத்யப்பிரியா நர்ஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. போகாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு. ஞாயிற்றுக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் தாய்க்கும் மகளுக்கும் டிக்கெட் போட்டதில் வெயிட்டிங் லிஸ்ட் அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று வந்தது. அப்போது புதன்கிழமை. பஸ்ஸில் இரண்டு சீட் இருப்பதாகச் சத்யப்பிரியா செல்போனைப் பார்த்துச் சொன்ன நேரத்தில், சுயம்புலிங்கம் அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“பஸ்ஸு எதுக்குத் தாயி? எம்.பி. கோட்டா எதுக்கு இருக்கு? தம்பி ஒரு லெட்டர் குடுத்தாருன்னா ரயில்வேக்காரன் எந்திரிச்சு நிப்பான். டிக்கெட்டு நகலைக் குடு, காதுல போட்டுருதேன்.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. கடைசி நேர அவசரத்துக்கென்று ரயிலில் சில படுக்கைகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். எம்.பி. முந்தின நாளே கடிதம் அனுப்பினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காமலும் போகலாம் என்ற பாதியைச் சுயம்புலிங்கம் சொல்லவில்லை.

“நானே ஆபீஸுல போய்க் கேக்கவா அண்ணாச்சி?” என்று பாண்டிசெல்வி கேட்டார்.

“அங்கெல்லாம் நேரா போகக் கூடாது. காரியம் கெட்டுப்போகும்.”

இந்த வாக்கியத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்று இல்லாவிட்டால் இந்த இனமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். வியாழக்கிழமையே பஸ்கள் நிரம்பிவிட்டன. வெள்ளிக்கிழமை பாண்டிசெல்வி வந்து கேட்டபோது, சுயம்புலிங்கம், “காதுல போட்டாச்சு” என்றார். உண்மையில் அதுவரை மூன்று முறை போன் அடித்திருந்தார். மூன்று முறையும் நம்பர் பிஸியாக இருந்தது. எம்.பி. பிஸி என்றால் அது தனக்கும் ஒரு பெருமைதானே என்று நினைத்துக்கொண்டார். பாண்டிசெல்வி அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். மேஸ்திரிகளிடம் இருபது வருடம் லீவு கேட்டுப் பழகியவர் அவர்.

சனிக்கிழமை விடிந்ததும் சுயம்புலிங்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, ராஜபாளையத்துக்குத் திரும்பி, பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்த எம்.பி. அலுவலகத்துக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்தால் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் எம்.பி.யின் உதவியாளர் ஆல்வின். மேஜைக்கு முன்னால் பதினாலு பேர் வரிசை. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘ரயில் அவசர ஒதுக்கீடு. டிக்கெட் நகலும் ஆதார் நகலும் கொடுக்கவும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை. யாரும் நேரில் வரலாம். சிபாரிசு தேவையில்லை.’ கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள். சுயம்புலிங்கம் அந்த வரியை மட்டும் மூன்று முறை படித்தார். யாரோ வேண்டுமென்றே தன்னை மனதில் வைத்து எழுதியது போல இருந்தது.

வரிசையில் நின்றிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் வேண்டியவர் வரிசையில் நிற்கலாமா? ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால்? எனவே அவர் உள்ளறைக் கதவின் ஓரமாக, எம்.பி. வந்தால் முதலில் தன்மேல் கண் படும் இடமாகப் பார்த்து, தன்னையும் வரிசையில் ஒருவராக யாரும் எண்ணிவிடக் கூடாதென்று அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆல்வின் இரண்டு தடவை கூப்பிட்டுத் தாள் இருந்தால் கொடுக்கச் சொன்னார். தான் தம்பியையே நேரில் பார்த்துக்கொள்வதாகச் சுயம்புலிங்கம் சொல்லிவிட்டுப் பால்கோவாவை மட்டும் நீட்டினார். ஆல்வின் அதை வாங்கி அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே பதினோரு பால்கோவா டப்பாக்கள் இருந்தன. ஆல்வினுக்குச் சர்க்கரை வியாதி.

கூமாப்பட்டியில் ரோடு பார்க்கப் போன எம்.பி. பன்னிரண்டேகாலுக்கு வந்தார். படியேறும்போதே கைகூப்பியவர், சுயம்புலிங்கத்தைப் பார்த்ததும் நின்றார். முகம் மலர்ந்தது.

“அண்ணே, நல்லாருக்கீங்களா?”

சுயம்புலிங்கம் அறையில் இருந்த எல்லோரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“எந்த ஊருண்ணே?”

முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் நடுவில் அவர் இருந்த உயரத்தில் அதற்குப் பிறகு அவர் இருந்ததில்லை.

“செட்டியார்பட்டி, சார்.” தம்பியைக் காணவில்லை.

“தங்கமான ஊரு. ஆபீஸுக்கு வாங்கண்ணே” என்று சொல்லிவிட்டு எம்.பி. உள்ளே போனார். இதைச் சுயம்புலிங்கம் ஆபீஸில் நின்றுகொண்டுதான் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் கை சட்டைப் பைக்குப் போனது. ஆல்வினிடம் போய், ஒரு பிள்ளையின் வேலை விஷயம் என்று மெதுவாகச் சொன்னார்.

“பன்னெண்டுக்கே எல்லா லெட்டரும் மெயில்ல போயிருச்சுய்யா” என்றார் ஆல்வின். “ஒம்பதரையில இருந்து இங்கனதான நின்னீங்க?”

சுயம்புலிங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். ஒரு சீட்டும் இல்லை. திங்கட்கிழமை ஒன்பதரை மணி என்பது ஒரு பெண்ணின் வேலை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதுவரை அது எம்.பி.யோடு ஒரு படம் எடுக்கும் சந்தர்ப்பமாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை.

எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தார். சத்யப்பிரியா பையோடு ஏறிக்கொண்டிருந்தாள். பாண்டிசெல்வி தெருவைக் கடந்து அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, ரெண்டு சீட்டும் கெடச்சிருச்சு. எல்லாம் நீங்க காதுல போட்டதுதான்.”

தெருவே கேட்கும்படிதான் சொன்னார். பிறகு ஒரு படி மேலே ஏறிக் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து வரிசையில கடைசி ஆளா நின்னு எனக்குக் காலு விட்டுப்போச்சு. நீங்க அம்புட்டு நேரம் எப்படித்தான் நின்னீகளோ.”

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார், சத்தியம். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுப் பொன்னுராஜ் சைக்கிளை நிறுத்திவிட்டு, தன் மச்சானுக்கும் அடுத்த வாரம் இப்படி ஒரு லெட்டர் வேண்டும் என்றான். சுயம்புலிங்கத்தின் கண்கள் தாமாகவே பாதி மூடின.

“காதுல போட்டுருதேன்.”

பாண்டிசெல்வி போய் ஏறிக்கொள்ள, ஆட்டோ நகர்ந்தது. அதிலிருந்து தலையை நீட்டி, “பொன்னுராஜு, சனிக்கிழமை பன்னெண்டுக்குள்ள நேரா போயிரு” என்றார்.

பொன்னுராஜ் சிரித்தான். “நேரா போனா காரியம் கெட்டுப்போகும்லா, என்ன அண்ணாச்சி?” என்று சொல்லி, டிக்கெட் நகலைச் சுயம்புலிங்கத்தின் சட்டைப் பையில் திணித்தான். அங்கே ஏற்கெனவே ஒரு நகல் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். உங்களுக்கு எம்.பி. யாரையும் தெரியாது, செல்போனில் அப்படி ஒரு படமும் கிடையாது. ஆனால் பேங்க்கிலோ ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ யாரையாவது தெரிந்திருக்கும். போன வாரம் யாரோ ஒருவர் உங்களிடம் வந்து ஏதோ கேட்டாரே, “நீங்க போக வேண்டாம், நான் சொல்லி வைக்கிறேன்” என்றீர்களே. அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன் பையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.