ஜீரோ சாரும் நாற்பது இன்டர்காம்களும்

தினமும் காலையில் நாற்பது பேரை அழைத்துப் பேசிவிட்டு, அதன் பிறகு நாள் முழுக்க ஒருவராலும் அழைக்கப்படாமல் உட்கார்ந்திருந்த மனிதர் காஞ்சிபுரத்திலேயே எங்கள் ஜீரோ சார் ஒருவர்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில் நான் சேலை விற்ற பட்டுக் கடை, ஒரே ஹாலாக இருந்து நான்கு மாடியாக வளர்ந்தது. கீழிருந்து கத்திக் கத்தி முதலாளிக்குத் தொண்டை கட்டிவிட்டது. யார் யாரிடம், எப்படிப் பேசுவது என்று திட்டம் போட, டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்து வந்தார்.

அவர் இரண்டு வாரம் சார்ட் பேப்பரும் கையுமாகப் படியேறி இறங்கி, ஒவ்வொருவரிடமும் யாரைக் கூப்பிடுவாய், எதற்கு என்று விசாரித்தார். செருப்பு பார்த்துக்கொள்பவர், தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார். முதல் இன்டர்காம் அவருக்குத்தான் போனது. முதலாளி காரணம் கேட்டார்.

"அவருக்கும் சொல்றதுக்கு எதனா இருக்கும்ல முதலாளி."

லைன்களைப் பார்த்துக்கொள்ள அவரே கடையில் தங்கிவிட்டார்; தன் இன்டர்காமுக்கு ஜீரோ என்ற எண்ணை வைத்துக்கொண்டார். பெயரும் அதுவே ஆயிற்று.

கடை திறந்ததும் சோதனை அழைப்பு வரும். "டெஸ்டிங். சாப்ட்டியாபா?" சாப்பிட்டேன் என்றால் விடமாட்டார், என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். 'மூன்றாவது மாடி, இட்லி, லைன் சுத்தம்' என்று நோட்டில் எழுதிக்கொள்வார். செருப்புக்காரர் ஒருநாள் காலையிலேயே பிரியாணி என்று அளந்துவிட, சார் நேரிலேயே வந்து நின்றுவிட்டார். பொய் சொன்னால் லைன் இரைகிறதாம்.

அடுத்த தெருவில் இரண்டாவது கடை திறந்தபோது புது மேனேஜர் வந்தார். இனி எல்லாம் செல்போன் குரூப்பில்தான், இன்டர்காமைக் கழற்றிவிடலாம் என்றார். சார் மறுபேச்சில்லாமல் நோட்டை ஒப்படைத்தார். மேனேஜர் புரட்டும்போது எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் வந்த அழைப்புகளைக் குறித்திருந்தார். ஜீரோவின் பக்கம் வெறுமையாக இருந்தது.

மதியம் மேலே போய் ஜீரோவை அழுத்தினேன்.

"சொல்லுபா, இன்னா ரிப்பேரு?"

"ரிப்பேர்லாம் இல்ல சார். நீங்க சாப்ட்டீங்களா?"



"இல்லபா. அவ போனதுலேர்ந்து, ஒருத்தனுக்குன்னு அடுப்பு பத்த வெக்கத் தோணறதில்ல."

அத்தனை காலமும் வெறும் வயிற்றோடு வந்துதான் எங்கள் இட்லிக் கணக்கை எழுதியிருக்கிறார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். பாதியைத் தின்றார். உப்பு குறைச்சல் என்றார்.

இப்போது திருப்புட்குழியில், தன் வீட்டில் இருக்கிறார். ஞாயிறன்று பஸ் ஏறிப் போய்விடுவேன். பேச எங்களுக்கு அப்படியொன்றும் விஷயம் கிடையாது. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, தெருமுனை வரை வந்து நின்றுகொண்டிருப்பார்.