கொடிக் காக்காவும் ஒட்டிப்போன கதவும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கிறுக்கர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழை இருட்டினால் முற்றத்து நெல்லை நனையவிட்டு, தெருவில் கட்டிய கடதாசிக் கொடிகளைக் காப்பாற்ற ஓடுகிறவர் எங்கள் கொடிக் காக்கா ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

சாய்ந்தமருதில் சைக்கிள் திருத்துவது அவர் தொழில். சேர்ப்பது அச்சடித்த கடதாசிக் கொடிகள். பள்ளிவாசல் கொடியேற்றம், பௌத்தர்களின் வெசாக், பாடசாலை விளையாட்டுப் போட்டி, எதையும் விடமாட்டார். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக் கூட்டத்திலும் முன்வரிசையில் நிற்பார். ஒவ்வொரு கட்சியும் தன் ஆள் என்று நம்பி பிரியாணிப் பார்சல் நீட்டும். "பார்சல ராத்தாட்ட குடு மனே, எனக்கு அந்தக் கொடியத் தா" என்பார். ராத்தா அவர் மனைவி, தெருவுக்கே ராத்தா, அதாவது அக்கா.

போன வருடம் அறுகம்பேக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பிடித்தார். அவரும் கொடி சேர்ப்பவர். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா? அவர் தங்கியிருந்த விடுதியின் மனேஜர் மொழிபெயர்க்க, ஒரு கட்டுக் கொடியைக் கொடுத்து ஒரே ஒரு பழைய கொடியோடு காக்கா திரும்பினார். யூதர்கள் வருடம் முழுக்கத் தங்கள் வேதத்தை ஓதி முடித்து, மறுபடி தொடங்கும் பெருநாளில் பிள்ளைகள் பிடிக்கும் கொடி அது. கம்பு நுனியில் ஆப்பிள் குத்துவார்களாம். கொடியில் இரண்டு சிங்கங்கள், நடுவே ஒரு பெட்டகம், அதற்குக் கடதாசியில் இரட்டைக் கதவு.

பக்கத்துக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? "காக்கா, யூதர்ட கொடி என்னத்துக்கு ஊட்டுக்குள்ள?"

"சின்னப் புள்ளையள் சந்தோசத்துல புடிக்கிற கொடி மனே. நீ குர்ஆன் ஓதி முடிச்ச நாள் உங்கட உம்மா ஊருக்கே சோறு குடுக்கல்லியா?"

கடைக்காரர் தன் கடைக்குத் திரும்பினார். காக்காவின் கவலையோ வேறு. பழைய பசை இறுகிக் கதவு ஒட்டிக் கிடந்தது. திறந்தால் கிழியும், திறக்காவிட்டால் உள்ளே என்ன என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. கடைசியில், நுணுக்கமான கருவிகள் இருக்குமே என்று பல் டொக்டரையே கூட்டி வந்தார். டொக்டர் கொடியையும் பார்த்தார், காக்காவையும் பார்த்தார். "மயக்க ஊசி ஒங்களுக்குத்தான் போடணும்" என்று போய்விட்டார்.

பொறுத்துப் பார்த்த ராத்தா ஒருநாள் முக்காட்டிலிருந்த ஊசியை உருவினார். அன்று சைக்கிள் திருத்த வந்த நானும் அங்கே இருந்தேன்.

"கதவெண்டா தொறக்கத்தானே!"

"புள்ள, வேணாம்!"

இடப்பக்கக் கதவு கழன்று ராத்தாவின் கையோடு வந்தது. உள்ளே, சிவப்புப் பட்டு உறை போட்ட வேதச் சுருள் ஒன்றின் பாதிப் படம், தலையில் கிரீடத்தோடு தெரிந்தது.

"இதுக்கா இந்தப் பாடு? நம்மட குர்ஆனுக்கு நான் தச்சுப் போட்ட உறையும் இந்தக் கலர்தானே" என்றார் ராத்தா.

காக்கா வெடிக்கப் போகிறார் என்று நான் ஓடிவிடச் செருப்பைத் தேடினேன். அவரோ கொடியை மெல்ல ராத்தா பக்கம் தள்ளினார்.

"மத்தக் கதவையும் நீயே தொற புள்ள. நம்மட குர்ஆனுக்கு உறை தச்ச கைதானே."

ஊரே கிறுக்கன் என்று சொல்லும் மனிதரை அந்த நிமிடம் கட்டிப்பிடித்திருப்பேன். ஆனால் இருவரும் ஒரே கொடிமேல் குனிந்திருந்தார்கள். நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.